குழந்தைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் காரீயம்

ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைக் குறிப்பிடுகிறோம். பிரியாணி தேக்சாவுக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். பேட்டரியிலும் பழைய பெயிண்டிலும் இருப்பது காரீயம், இது நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை இது பாதிக்கும் என்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்போம். சிறுநீரகத்தையும் இது கெடுக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி.

குயின்ஸ்லாந்து தரும் பாடம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1890களில் குழந்தைகள் பலர் காரீய நஞ்சால் நோயுற்றனர். அதன் மூலத்தை 1904-ல் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் சுட்டிக்காட்டினார். மர வீடுகளின் தாழ்வாரக் கம்பிகளில் பூசிய காரீயப் பெயிண்ட் வெயிலில் பொடிந்து, பிள்ளைகளின் கையில் ஒட்டி, வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. 1922-ல் அதைக் கட்டுப்படுத்த அங்கே சட்டம் வந்தது.

ஆனால் பாதிப்பு அத்துடன் முடியவில்லை. சிறுவயதில் நஞ்சேறியவர்களைத் தேடிப் பார்த்து 1954-ல் ஹெண்டர்சன் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களில் பலர் சிறுநீரக நோயாலும் இரத்த அழுத்தத்தாலும் இளம் வயதிலேயே இறந்திருந்தனர். அங்கே உடலில் சேர்ந்த காரீயம் மிக அதிகம். எல்லாக் குழந்தைக்கும் அப்படி நேரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சிறுவயதில் சேரும் நஞ்சு பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

உடலுக்குள் நடப்பது என்ன?

உணவோடு போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் குழந்தையின் குடல் உறிஞ்சுகிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளைக்கு இது இன்னும் கூடும். பெரும்பகுதி எலும்பில் தங்கி, பல்லாண்டுகள் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கும். அதை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துடையது. அப்போது அதன் நுண்குழாய்கள் புண்படுகின்றன. உடலுக்குத் தேவையான சர்க்கரை, பாஸ்பேட் போன்றவை சிறுநீரில் வீணாகலாம். நாள்பட்டால் சிறுநீரகம் தழும்பேறிச் சுருங்கும்.

வலி இருக்காது. சிறுநீரகம் ஏறத்தாழ பாதி கெடும் வரை கிரியாட்டினின் பரிசோதனைகூடச் சரியாகவே காட்டக்கூடும். ஆகவே முதல் காவல் வீட்டில்தான்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. சுர்மா: நபிவழி என்று பேணி இடுவோர் நம்மில் உண்டு. ஆனால் கடைகளில் சுர்மா என்ற பெயரில் விற்பவற்றில் பல, காரீயக் கனிமத்தை அரைத்த பொடியே. கண்ணைக் கசக்கிய விரல் வாய்க்குப் போகும். காரீயம் இல்லையென ஆய்வகம் சான்றளிக்காத சுர்மாவைக் குழந்தைக்கு இட வேண்டாம்.

2. தேக்சா: கலாய் பூசக் கொடுக்கும்போது சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேளுங்கள். விலை மலிவுக்காகக் காரீயம் கலப்பதுண்டு.

3. மஞ்சள்தூள்: நிறத்துக்காகக் காரீயக் குரோமேட் கலப்பது பங்களாதேஷிலும் இந்தியாவின் சில பகுதிகளிலும் கண்டறியப்பட்டுள்ளது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளைத் தவிருங்கள்.

4. தொழில்: பேட்டரி உடைப்பது, வலைக்கு ஈயக்குண்டு உருக்குவது போன்றவற்றை வீட்டிலும் முற்றத்திலும் செய்யக் கூடாது. வாப்பா வேலை உடையை மாற்றிக் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

5. பழைய பெயிண்ட்: உரியும் பெயிண்டை உலர்ந்தபடியே சுரண்டாதீர்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். 2017 முதல் நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாது என்பது சட்டம். வாங்கும்போது டப்பாவைப் பாருங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் காரீயம் போகாது. கை கழுவிச் சாப்பிடுவதும், கீரை, பருப்பு, முட்டை, பால், கேழ்வரகு தவறாமல் தருவதும் காரீயம் உடலில் சேர்வதைக் குறைக்கும்.

பரிசோதனை யாருக்கு?

மேற்சொன்னவற்றில் ஏதேனும் உங்கள் வீட்டில் இருந்தாலோ, குழந்தைக்கு மண்ணும் சுவரும் தின்னும் பழக்கமோ தீராத இரத்தசோகையோ வயிற்றுவலியோ இருந்தாலோ, இரத்தக் காரீயப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது எனக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிக அதிகமானால் அதை வெளியேற்ற மருந்து உண்டு. ஆனால் வரும் வழியை அடைக்காமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை.

பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானிதம். இந்த வாரமே சுர்மாக் குப்பியையும் மஞ்சள் டப்பாவையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம்.