வேலையை விட்டுச் சமையலுக்கு வருவோர்: எந்த வழி யாருக்கு?

கார்ப்பரேட் வேலையை விட்டு வீட்டுச் சமையலைத் தொழிலாக்க நினைப்பவருக்குத் தமிழ்நாட்டு நகரங்களில் பல வழிகள் உள்ளன. மாதச் சாப்பாடு, இட்லி மாவு, பொடி ஊறுகாய், விசேஷச் சமையல், செயலி வழி விற்பனை, சமையல் வகுப்பு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. எது பொருந்தும் என்பதைக் கைமணம் மட்டும் முடிவு செய்வதில்லை. செய்த பண்டம் எவ்வளவு நேரம் கெடாமல் தாங்கும் என்பதே செய்பவரின் பொழுதையும் போட்ட பணத்தையும் ஆள்கிறது.

மாதச் சாப்பாட்டில் முன்பணம் வரும், தலைக்கணக்கும் முதல் நாளே தெரியும். அதனால் மிச்சம் விழுவது குறைவு. ஆனால் பண்டத்தின் ஆயுள் சில மணி நேரம்தான். சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிவிட்டால் கிருமிகள் பெருகத் தொடங்கும். தேங்காய் அரைத்த கூட்டு முதலில் ஊசிப்போகும். எனவே மதியம் கேரியர் கிளம்ப, விடிவதற்கு முன்பே அடுப்பு எரிய வேண்டும். காய்ச்சல் என்று ஒரு நாள் படுக்க முடியாது. தக்காளியும் சின்ன வெங்காயமும் விலை ஏறும் மாதத்திலும் பேசிய தொகை மாறாது. அலுவலக நேரக் கெடுபிடியிலிருந்து விடுபட வந்தவர் அதைவிடக் கடுமையான கெடுபிடிக்குள் நுழைகிறார் என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது. வீட்டில் உறுதியான துணைக்கை இருப்பவருக்கே இந்த வழி ஏற்றது.

இட்லி மாவு ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் அதிகம் புளிக்காமல் நிற்கும். சித்திரை வெயிலில் சீக்கிரம் பொங்கும், மார்கழியில் தாமதமாகும். தெருவுக்குத் தெரு பாக்கெட் மாவு கிடைப்பதால் லாபம் மெலிந்தது.

பெரும்பாலோருக்குத் தொடக்கமாகப் பரிந்துரைக்கத் தக்கது பொடி வகைதான். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ரசப் பொடி ஆகியவற்றில் ஈரம் இல்லாததால் அவை வாரக்கணக்கில், பல சமயம் மாதக்கணக்கில் தாங்கும். வேலையில் இருக்கும்போதே சனி, ஞாயிறுகளில் செய்து பார்க்கலாம். விற்காவிட்டாலும் இழப்பு சிறிது. இதன் நுணுக்கம் வறுப்பதிலும் ஆறவிடுவதிலும் இருக்கிறது. ஒவ்வொரு சாமானையும் தனித்தனியே வறுக்க வேண்டும். சூட்டோடு அரைத்துப் பாட்டிலில் அடைத்தால் ஆவி வியர்த்து, கட்டி தட்டி, பூஞ்சை பிடிக்கும். தேங்காய், எள் சேர்ந்தவை எண்ணெய்ச் சிக்கு வாடையால் விரைவில் கெடும். எத்தனை நாள் தாங்கும் என்பதை ஊகித்து லேபிளில் எழுதக் கூடாது. ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பாட்டிலை எடுத்துவைத்து, மாதந்தோறும் திறந்து முகர்ந்து சுவைப்பது தொடக்கத்துக்கு உதவும். பெரிய அளவில் விற்பவர் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது முறை. ஊறுகாய்க்குப் பணம் நீண்ட நாள் முடங்கும்: மாங்காயைக் கோடையில் மொத்தமாக வாங்க வேண்டும், விற்பதோ ஆண்டு முழுவதும்.

விசேஷச் சமையல் உழைப்பைச் சில நாட்களில் குவிக்கிறது. வளைகாப்பு, காதுகுத்து, பிறந்தநாள் என்று முப்பது, ஐம்பது பேருக்குச் சமைப்பவருக்கு ஒரே நாளில் நல்ல தொகை கிடைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை இராது. புரட்டாசியில் அசைவம் படுத்துவிடும். தீபாவளி பட்சண ஆர்டர் அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பும். பாதிப் பணமாவது முன்கூட்டி வாங்காமல் சாமான் வாங்கக் கூடாது.

ஸ்விகி, சொமேட்டோ போன்ற செயலிகள் ஆர்டரைக் கொண்டுவருகின்றன. விலையில் ஒரு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்கின்றன. தள்ளுபடியின் சுமையும் பெரும்பாலும் சமைப்பவர் மீது விழுகிறது. எத்தனை ஆர்டர் வரும் என்று தெரியாமலே சமைத்து வைக்க வேண்டும். வாடிக்கையாளர் யாரென்றே தெரியாததால், வீட்டுச் சமையலின் உண்மையான பலமான முகப் பழக்கம் இங்கே வளர்வதில்லை. இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே மேல்.

வகுப்பு நடத்துபவருக்குக் கெட்டுப்போகும் சரக்கு மிகக் குறைவு. அலுவலகத்தில் பலர் முன் பேசிப் பழகியது இங்கே கைகொடுக்கும். ஆனால் கண்ணளவில் சமைப்பவர் முதலில் கிராமிலும் கரண்டியிலும் அளந்து எழுத வேண்டும். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்து இன்றும் அடுக்களைகளில் புரட்டப்படுவது, வீட்டுப் பக்குவத்தை அவர் எழுத்தில் நிறுத்தியதால்தான்.

எந்த வழியானாலும் உணவை விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். 2011 விதிமுறைகள் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்பவரைச் சிறு வணிகராக வகுத்து, 100 ரூபாய் கட்டணத்தில் எளிய பதிவை அனுமதித்தன. வரம்பு திருத்தப்படுவதுண்டு என்பதால் விண்ணப்பிக்கும்போது உணவுப் பதிவுக்கான ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நடப்பு விதியைப் பார்க்க வேண்டும். 14 இலக்கப் பதிவு எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரில் வியாபாரச் சமையல் கூடாது. அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர் உண்டு. வாடகை வீடானால் உரிமையாளரின் சம்மதம் தேவை.

வேலையை விடும்போது நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடும் போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விரும்புபவர், ராஜினாமா நடைமுறைக்கு வருவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.