பினாங்கு நாசி கண்டார்: குழம்பைப் பார்த்துக் கடை பிடியுங்கள்

வெல்ட் கீ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்காகத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோள்கம்பில் சுமந்து விற்ற சோறும் குழம்பும்தான் நாசி கண்டார். இன்று ஜார்ஜ் டவுனில் திரும்பிய பக்கமெல்லாம் கடை. பேர் பெற்ற கடையிலும் ஏமாறலாம், பேரில்லாத கடையிலும் வயிறு குளிரலாம்.

முதலில் நேரம். பதினொரு மணிவாக்கில் போங்கள். சட்டிகள் நிறைந்திருக்கும், அலுவலகக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. மூன்று மணிக்கு மேல் போனால் காலையில் பொரித்த கோழி விறைத்துக் கிடக்கும். இரவுப் பசிக்குக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டிய 'பெராத்தூர்' இருக்கிறது. வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும்.

புதுக் கடையில் கறி, மீன் பக்கம் கையை நீட்டாதீர்கள். சோறு, அவித்த முட்டை, வெண்டைக்காய் போதும். பெரும்பாலும் 10 வெள்ளிக்குள் முடிந்துவிடும். மேலே 'கூவா சம்புர்' கேளுங்கள். கோழி, மாடு, மீன், குருமா என்று சட்டிக்குச் சட்டி ஒரு கரண்டி விழும். அதில்தான் கடையின் யோக்கியதை தெரியும். நாக்கில் புளிப்பு ஒரு பக்கம், மசாலா ஒரு பக்கம் பிரிந்து தெரிய வேண்டும். வெறும் இனிப்போ காரமோ மட்டும் நின்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். குழம்பு சரியில்லாத கடையில் இறால் வாங்குவது காசைக் கடலில் போடுவது.

குழம்பு தேறிவிட்டதா? அடுத்த முறை பொரித்த கோழியோ ஆட்டுக்கறியோ சேர்த்துக்கொள்ளுங்கள். கேம்பல் தெருவில் 1907 முதல் நடக்கும் ஹமீதியாவில் கப்பித்தான் கோழி என் தேர்வு.

கை தாராளமாக இருந்தால் முட்டைக் கணவாய், பெரிய இறால், மீன் தலை. பினாங்கு ரோட்டுச் சந்துக்குள் இருக்கும் லைன் கிளியர் இதற்குப் பேர் போனது. ஆனால் கரண்டி சட்டியில் இறங்குமுன் விலையைக் கேளுங்கள். அண்ணே என்று கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்கலாம், பல கடைகளில் பதில் வரும். விலையை எழுதி வைக்க வேண்டும் என்று இங்கே சட்டமே உண்டு, அதனால் கூச்சம் வேண்டாம். பல இடங்களில் தட்டைக் கண்ணால் பார்த்தே கணக்குப் போடுவார்கள். அந்தத் தொகையைச் சாப்பிடுமுன் தெரிந்துகொள்ளுங்கள். எலும்பு மட்டும் மிஞ்சிய தட்டைக் காட்டி வாதாட முடியாது.

நாலு பேராகப் போனால் ஒரே மீன் தலையைப் பொதுவில் வாங்கி, ஆளுக்கு ஒரு தட்டுச் சோறும் வெண்டைக்காயும் எடுத்துக்கொள்ளுங்கள்.