பாடம் 4: ஊர் திரும்பியதும் யாரிடம் போவது?

கல்லடிப் பாலத்தைக் கடந்ததும் ஊர் வந்துவிட்டது என்று மனம் சொல்லும். ஆனால் பல வருடங்களின் பின் திரும்பும் குடும்பத்துக்குப் பாதை தெரிந்தாலும், எந்தக் காரியத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரியாமல் இருக்கலாம். இப்பாடம் அதற்கானது.

நமது அயல்

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் தமிழர்கள், பறங்கியர்கள் வாழ்கின்றனர். தெற்கே காத்தான்குடியில் முஸ்லிம் மக்கள் வாழ்கின்றனர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாவலடியும் டச்பாரும் பேரழிவைக் கண்டன. நாவலடியைச் சேர்ந்த பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டனர். ஆகவே உங்கள் வேலி எல்லையை அறிந்த பழைய அயலவர் இன்று வேறிடத்தில் இருக்கலாம். அவர்களை இப்போதே தேடி வையுங்கள். காணிப் பிணக்கு வந்தால் அவர்களே உங்கள் சாட்சி.

முதலில் செல்ல வேண்டிய இடங்கள்

1. கிராம உத்தியோகத்தர்: வதிவிடத்தைப் பதியவும், வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கவும், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும் முதலில் இவரிடம் செல்லுங்கள்.

2. மண்முனை வடக்கு பிரதேச செயலகம்: பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளும் அரச காணி அலுவல்களும் இங்கே. காத்தான்குடிக்குத் தனிப் பிரதேச செயலகம் உண்டு.

3. காணிப் பதிவகம்: உறுதி தொலைந்திருந்தால், பதியப்பட்ட உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்டுப் பெறலாம்.

4. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை: கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். கைவிடப்பட்ட கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யாமல் குடிக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேளுங்கள்.

5. மீனவர் சங்கம்: தோணி, படகுப் பதிவு கடற்றொழில் திணைக்களத்துக்குரியது. சங்கத்தில் சேர்ந்தால் வலை, உதவி பற்றிய செய்திகள் உங்களை வந்தடையும்.

வீடு யாருடைய பெயரில்?

மட்டக்களப்பில் குடி தாய்வழியே வரும். வீடும் வளவும் சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போவது நமது வழக்கம். ஆனால் உதவிப் படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் கணவரின் பெயரை எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. தாய்வழி வந்த காணியில் கட்டிய வீடு இப்படிப் பெயர் மாறினால், பின்னர் மகள் அதற்கு உரிமை கோருவது கடினம். கையொப்பமிடுமுன் உறுதி யாருடைய பெயரில் உள்ளது என்று பாருங்கள். பெண்கள் செயலகத்துக்கு நேரில் வந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அனுமதிப்பத்திரக் காணியை உரிய அனுமதியின்றி விற்கவோ கைமாற்றவோ முடியாது. இடைத்தரகரின் வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

பிணக்கு வந்தால்

கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் நிருவாகம், பங்குத் தந்தை, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியோர் பேசித் தீர்க்க உதவுவர். தீராவிட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபையை நாடலாம். இரு தரப்பும் இணங்கினால்தான் அங்கே தீர்வு.

வீட்டில் பேசுவோம்

• நமது காணியின் நான்கு எல்லைகளையும் அறிந்தவர் இருவர் யார்?
• உறுதியில் உள்ள பெயர் யாருடையது?
• எந்தப் பத்திரம் நம்மிடம் இல்லை? அதைப் பெற நாளை யார் போவது?