நீலச் சுடருக்கு நூறு படி மேலே

கிழக்கு ஜாவாவில் இஜென் என்னும் எரிமலையின் வாய்க்குள் பின்னிரவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கந்தக ஆவி எரிகிற எந்த நீலச் சுடரைக் காண்பதற்காக இரண்டு விமானமும் ஒரு படகும் ஒரு ஜீப்பும் மாறி வந்து சேர்ந்தேனோ அந்தச் சுடர் நூறு படிகளுக்குக் கீழே மினுங்கிக்கொண்டிருந்த சமயத்தில், எனக்கு முன்னே சென்ற வழிகாட்டி சட்டென்று நின்று, "திரும்பிவிடுவோம், பாக்" என்றார். 'பாக்' என்பது அந்நாட்டில் வயதில் மூத்தவரை விளிக்கும் மரியாதைச் சொல். நம்முடைய 'ஐயா' மாதிரி. என்னிலும் இருபது வயது இளையவரான அவரையும் நான் அப்படியே அழைத்தேன். மரியாதையெல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்கு மறந்துபோயிற்று என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஜாவா மொழியில் 'இஜென்' என்றால் 'தனியே' என்று அர்த்தமாம். தனியே போகக் கூடாத மலைக்கு அப்படியொரு நாமம். 2,769 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சிப் பள்ளத்தில், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில், கார் பாட்டரியில் ஊற்றுகிற திராவகத்துக்குச் சமானமான ஓர் ஏரி கிடக்கிறது. உலகத்து அமில ஏரிகளில் அதுவே பெரியது. அடிவாரத்துப் பட்டணமாகிய பன்யுவங்கியின் பெயருக்கு 'மணக்கும் நீர்' என்று பொருள். மலையிலிருந்து இறங்கும் ஆற்றுக்கோ 'கசக்கும் நீர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பெயரை வைத்தவர் நாக்கில் விட்டுப் பார்த்த பிறகே வைத்திருக்க வேண்டும். 1817-இல் இம்மலை சீறியபோது ஏரி நீரும் சேறும் ஒன்றாய்ப் புரண்டு கீழே உள்ள கிராமங்களை அழித்தன.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை சில. எரிமலையின் அன்றைய நிலையை இந்தோனேசிய அரசு நான்கு படிகளாக வகுத்து அறிவிக்கிறது. 'நார்மல்' முதற்படி, 'அவாஸ்' கடைசிப்படி. அதை விடுதிக்காரரிடம் கேட்காமல் வழிகாட்டியிடம் கேட்பது உத்தமம். விடுதிக்காரருக்கு எல்லா நாளும் நல்ல நாள்தான். தேக ஆரோக்கியம் குறித்து வைத்தியரிடம் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வார்கள். அது வெறும் சடங்கென்று நினையாமல், ஆஸ்துமா முதலிய சுவாச வியாதி உள்ளவர்கள் பயணத்தையே கைவிடுவது விவேகம்.

முகமூடி விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் என்னிடம் கொடுத்தனுப்பிய முகமூடியை வழிகாட்டி டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் வடிகட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, ஒன்றும் பேசாமல் ஜீப்பின் பின்னிருக்கையில் வீசிவிட்டுத் தம்முடைய பையிலிருந்து வேறொன்றை எடுத்துத் தந்தார். முந்தைய யாத்திரிகர்கள் எத்தனையோ பேர் சுவாசித்துத் தீர்த்த வடிகட்டி அது. தூசியைத் தடுத்தாலும் கந்தகப் புகையைத் தடுக்காது. புதிய முகமூடியை மாட்டிய பிறகு, இரு பக்கத்து வடிகட்டிகளையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். முகமூடி முகத்தோடு ஒட்டி உறிஞ்சிக்கொண்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறதென்று பொருள். எனக்கு ஒட்டவில்லை. பிரயாண அலுப்பில் நாலு நாளாகச் சவரம் செய்யாதிருந்தேன். அந்த மயிர்க்கால்களின் வழியே காற்று நுழைந்துகொண்டிருந்தது. வாரை இறுக்கி ஒருவாறு சரிசெய்துவிட்டு, "அடுத்த தடவை சவரம் செய்துகொண்டு வாருங்கள், பாக்" என்றார். இந்த யோசனையை எந்தக் கைப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பால்துடிங் என்னுமிடத்திலிருந்து பள்ளத்தின் விளிம்புவரை மூன்று கிலோமீட்டர் நடை. முதல் பகுதி செங்குத்து. இளைஞர்கள் அங்கேதான் ஓடி, அங்கேதான் உட்கார்ந்துவிடுகிறார்கள். வழிகாட்டியோ சிவன் கோயில் பிராகாரத்தைச் சுற்றுகிறவர்போல் நடந்தார். 'பெலான், பெலான்' என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை, மெதுவாக, மெதுவாக. இருமருங்கிலும் நின்ற மரங்களில் காற்று புகுந்து எழுப்பிய இரைச்சல் எனக்கு எங்கேயோ கேட்டுப் பழகியதாக இருந்தது. விளக்கைத் திருப்பிப் பார்த்தால், சவுக்கு! நம் கடற்கரைச் சவுக்கின் மலைவாழ் உறவினம்.

விளிம்பை அடைந்ததும் கீழே இறங்கும் கற்படிகள் தொடங்குகின்றன. யாத்திரிகர்கள் இறங்கலாகாது என்று அங்கே ஒரு பலகை நிற்கிறது. அதைக் கடந்து நாள்தோறும் ஜனங்கள் இறங்குகிறார்கள். நானும் இறங்கினேன். அதை நியாயப்படுத்த என்னிடம் வாதம் எதுவும் இல்லை.

அந்தப் படிகளுக்கு உரியவர்கள் கந்தகம் சுமக்கும் தொழிலாளிகள். பள்ளத்தின் அடியில் பிளவுகளிலிருந்து வெளிப்படும் ஆவியைக் குழாய்களின் வழியே செலுத்திக் குளிரச் செய்கிறார்கள். குழாய் முனையில் இரத்தச் சிவப்பாகச் சொட்டும் கந்தகம் ஆறி மஞ்சள் பாறையாகிறது. அதைக் கடப்பாரையால் பெயர்த்து, மூங்கில் காவடியின் இரண்டு கூடைகளில் நிரப்பி, எழுபது, எண்பது கிலோ பாரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு ஏறி வருவார்கள். எங்கள் வழிகாட்டியும் முன்னாளில் சுமந்தவரே. குளிருக்காக அவர் சட்டையைச் சரிசெய்தபோது, இரண்டு தோள்களிலும் எலுமிச்சம்பழப் பருமனுக்குக் காய்த்துத் திரண்டிருந்த தசையைப் பார்த்தேன். காவடி வரும்போது நாம் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் கூடை இடித்துத் தள்ளிவிடும். படம் எடுப்பதற்காக அவர்களை நிறுத்துவது பாவம். அந்தப் பாரத்தோடு நின்று மறுபடி கிளம்புவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை, ஏறும்போது என் கைப்பையின் கனமே எனக்கு உணர்த்தியது.

புகை சூழ்ந்தால் ஓடக் கூடாது என்பது அங்கே கற்ற முதல் பாடம். ஓடுகிறவன் இருமடங்கு சுவாசிக்கிறான்; வழுக்கு கற்களில் காலும் இடறும். பாறைச் சுவரை நோக்கித் திரும்பிக் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு, காற்று திசைமாறும்வரை பொறுத்திருக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. அந்த வாயு அளவுக்கு மிஞ்சும்போது முதலில் நாசியைத்தான் மரத்துப்போகச் செய்கிறது.

இனித் திரும்பச் சொன்ன கதைக்கு வருகிறேன். "ஏன்?" என்று நான் சற்று உரக்கவே கேட்டேன். காசு கொடுத்து வந்திருக்கிறேன் என்கிற அகங்காரம் அந்தக் குரலில் இருந்தது. அவர் கோபிக்கவில்லை. "சற்று முன்னே இரண்டு பேர் நம்மைத் தாண்டி ஏறிப் போனார்களே, அவர்கள் கூடையைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான் ஒதுங்கி வழிவிட்டேன், அவர்கள் முகத்தையும் பார்த்தேன், கூடையைப் பார்க்கவில்லை. இரண்டு காவடியும் வெறுமையாக இருந்தனவாம். சுமைக்கு ஏற்ற கூலி பெறுகிறவன், இருட்டில் அவ்வளவு தூரம் இறங்கிவிட்டு வெறுங்கூடையோடு ஏறி வருகிறானென்றால், கீழே அவன் நிற்கக்கூட முடியாத காரியம் ஏதோ இருக்கிறது. காற்றும் அப்போது அடங்கியிருந்தது. காற்று நின்ற இரவில் கனத்த வாயு பள்ளத்தை விட்டு நகராமல் தேங்கும். 2018 மார்ச்சில் இந்த மலையில் வாயு வெடித்துப் பரவி, சுமார் முப்பது பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

உண்மையைச் சொல்வதானால், அன்று அங்கே விபரீதம் எதுவும் நேரவில்லை. எங்களுக்குப் பின்னால் இறங்கிய ஒரு கூட்டம் இருமிக்கொண்டும் கண்ணீர் வடித்துக்கொண்டும் மேலே வந்து, தாங்கள் எடுத்த நீலச் சுடர்ப் படங்களை என்னிடம் காட்டியது. படங்கள் அழகாகவே இருந்தன. எனக்கு வயிற்றெரிச்சல் இல்லையென்று சொன்னால் அது பொய். ஆயினும், வெறுங்கூடையைப் பார்க்கத் தெரியாதவன் கூடையைப் பார்த்தவரோடு எப்படி வாதாடுவது?

விடியும்போது விளிம்பில் நின்று ஏரியைப் பார்த்தோம். மயில்கழுத்து நீலத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட அந்த நிறத்துக்கு என்னிடம் உவமை இல்லை. விளிம்பு மண் பொலபொலவென்றிருக்கும். பின்னோக்கி நகர்ந்து படம் எடுக்கவே கூடாது. 2024-இல் ஒரு பயணி அங்கேதான் படத்துக்கு நின்றபோது தவறி விழுந்து இறந்தார்.

அடிவாரத்து டீக்கடையில் வழிகாட்டி தம் கிளாஸில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார். மேலேயிருந்து வருகிற கந்தகத்தில் ஒரு பங்கு, கரும்புச் சாற்றை வெளுக்கச் செய்வதற்காகச் சர்க்கரை ஆலைகளுக்குப் போகிறது என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. நம் ஊர் ஆலைகளிலும் வெள்ளைச் சர்க்கரை கந்தகப் புகையில்தான் வெளுக்கிறது. நான் ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன். கரண்டியைப் பிடித்த விரலில், செவ்வாய்க்காக வீட்டில் அணிவித்த பவழ மோதிரத்தின் வெள்ளி, அடுப்புக்கரிபோல் கறுத்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஊர் திரும்பித் திருநீறு போட்டு மூன்று நாள் தேய்த்தேன்; பவழத்தைச் சுற்றிய இடுக்கில் மட்டும் இன்னும் போகவில்லை.