கையடக்க சி.பி. ரேடியோ: எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: கோடை விடுமுறையில் நாங்கள் இரண்டு குடும்பங்கள், இரண்டு கார்களில் யூட்டா, நெவாடா பக்கம் போகிறோம். வழியில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது என்கிறார்கள். காருக்கு ஒன்றாக இரண்டு கையடக்க சி.பி. ரேடியோ வாங்கலாமா? அட்டைப்பெட்டியில் 4 வாட் என்று போட்டிருக்கிறது. எவ்வளவு தூரம் கேட்கும்? லாரி ஓட்டுநர்களுடனும் பேசலாமா?
– வாசகி, டென்வர்

பதில்: வாங்கலாம். ஆனால் அதன் குட்டை ஆன்டெனாவை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். இருவரும் காருக்குள் உட்கார்ந்தபடி பேசினால் ஒரு கிலோமீட்டர் கிடைப்பதே பெரிது. இறங்கி வெட்டவெளியில் நின்று பேசினால் இரண்டு, மூன்று கிலோமீட்டர் வரை கேட்கலாம். இடையில் ஒரு குன்று வந்தால் அதுவும் குறையும்.

குறை வாட்டில் இல்லை. அமெரிக்காவில் ஏ.எம். முறையில் பேச சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே 4 வாட்தான். பெரிய லாரிகளில் இருப்பதும் அதே 4 வாட்தான். வித்தியாசம் ஆன்டெனாவில் இருக்கிறது. சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) இயங்குவது 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். ஆன்டெனா நன்றாக வேலை செய்ய, அதில் கால் பங்காவது, அதாவது இரண்டே முக்கால் மீட்டர் நீளம் வேண்டும். கையடக்கக் கருவியில் இருப்பதோ ஒரு சாண், ஒன்றரைச் சாண். உள்ளே கம்பிச்சுருள் வைத்து அந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்கிறார்கள். அப்படியும் ஆற்றலில் பெரும்பகுதி அலையாக வெளியேறாமல் வெப்பமாகவே வீணாகிறது. மிஞ்சியதைக் காரின் தகரக் கூடு மறித்துவிடுகிறது.

ஆகவே வாங்கும்போதே, வெளி ஆன்டெனாவை இணைக்க வழி உள்ள கருவியாகப் பாருங்கள். மிட்லண்ட் 75-822 போன்றவற்றில் பேட்டரிப் பகுதியைக் கழற்றிவிட்டு, கார் சாக்கெட்டிலிருந்து மின்சாரமும் கூரை ஆன்டெனாவும் ஒருசேரக் கொடுக்கும் அடாப்டரைப் பொருத்தலாம். காந்த அடி கொண்ட ஒரு மீட்டர் ஆன்டெனாவைக் கூரையின் நடுவில் வையுங்கள். கூரைத் தகடே அதற்கு வேண்டிய தரைத்தளமாக (கிரவுண்ட் பிளேன்) அமைந்துவிடும். பொருத்தியதும், கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரால் சோதித்து, அளவு 2-க்குக் கீழே வரும்படி ஆன்டெனாவின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். 3-ஐத் தாண்டிய நிலையில் தொடர்ந்து பேசினால் கருவியே கெட்டுப்போகலாம். இரண்டு கார்களிலும் இப்படிச் செய்துவிட்டால், சமவெளியில் ஐந்தாறு கிலோமீட்டர் எதிர்பார்ப்பது நியாயம்.

லாரி ஓட்டுநர்கள் பேசுவது 19-ஆம் சேனலில். முன்போல எந்நேரமும் பேச்சு இருக்காது. பெரிய நெடுஞ்சாலைகளில் விபத்து, சாலை அடைப்பு, பனி என்று ஏதாவது நேர்ந்தால் இன்றும் அங்கேதான் முதலில் தெரியவரும். சற்று நேரம் கேட்டுவிட்டு, இடைவெளி பார்த்து, எந்தச் சாலையில் எந்தத் திசையில் போகிறீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் யாராவது பதில் சொல்வார்கள். கொச்சைப் பேச்சும் வரும். பிள்ளைகள் உடன் இருந்தால் ஒலியைக் குறைத்துவையுங்கள்.

உங்கள் இரு கார்களும் தமக்குள் பேசினால் போதும், லாரிக்காரர்கள் வேண்டாம் என்றால் ஜி.எம்.ஆர்.எஸ். என்னும் வேறு வகை ரேடியோ கருவிதான் நல்லது. அது 462 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குவதால் கால் அலைநீளம் 16 சென்டிமீட்டர்தான். ஆகவே கையடக்கக் கருவியிலேயே முழு அளவு ஆன்டெனா அடங்கிவிடும். தேர்வு கிடையாது, 35 டாலர் கட்டினால் பத்தாண்டுக்கு உரிமம். ஒரே உரிமத்தை ஒரு குடும்பத்தார் எல்லோரும் பயன்படுத்தலாம். நீங்கள் இரண்டு குடும்பம் என்பதால் இரண்டு உரிமம் எடுக்க வேண்டும்.

கேள்வி: என் கருவியில் ஓயாத இரைச்சல். சில நாள் எங்கோ தொலைவில் இருப்பவர்களின் குரல் கேட்கிறது. பக்கத்துத் தெரு நண்பரின் குரல் கேட்பதில்லை. கருவி பழுதா?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: பழுதில்லை. ஸ்குவெல்ச் குமிழை, இரைச்சல் அடங்கும் இடம்வரை மட்டும் திருப்புங்கள். அதற்கு மேல் திருப்பினால் மெல்லிய குரல்களும் அடைபட்டுவிடும். தொலைதூரக் குரல்கள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருபவை. சூரியனின் செயல்பாடு பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை உச்சம் தொடும். அந்த ஆண்டுகளில் இது மிகுதி. அலை மேலே போய்த் தொலைவில் இறங்குவதால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரின் குரல் தெளிவாகக் கேட்கும். அந்த நெரிசலில் உங்கள் நண்பரின் குரல் அமுங்கிவிடும். வேறு சேனலுக்கு மாறிப் பாருங்கள். சி.பி.யில் எஃப்.எம். முறைக்கு 2021-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இருவர் கருவியிலும் அது இருந்தால் அருகருகே பேசும்போது இரைச்சல் வெகுவாகக் குறையும்.

கேள்வி: ஆபத்தில் 9-ஆம் சேனல் உதவுமா? ஊருக்கு வரும்போது கருவியைக் கொண்டுவரலாமா?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: 9-ஆம் சேனல் அவசர உதவிக்கென ஒதுக்கப்பட்டது. ஆனால் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற உறுதி இல்லை. அதில் பதில் வராவிட்டால் 19-இல் கூப்பிடுங்கள். ஆளரவமற்ற பாலைவனத்துக்குப் போகிறவர்கள் செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் கருவி ஒன்றையும் எடுத்துச் செல்லத்தான் வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒற்றைக் கருவியை நம்பக் கூடாது.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மேற்படாமல், கருவியோடு சேர்ந்த ஆன்டெனாவுடன் உரிமம் இன்றிப் பேசலாம். கூரை ஆன்டெனாவுக்கு இந்தச் சலுகை இல்லை. அமெரிக்கக் கருவியின் 40 சேனல்களில் 28 முதல் 40 வரை இந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. கருவிக்கும் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். அதை உறுதிசெய்யாமல் பெட்டியில் வைக்காதீர்கள். ஜி.எம்.ஆர்.எஸ். கருவியை இந்தியாவில் பயன்படுத்தவே கூடாது.

மூவருக்கும் ஒரு வார்த்தை: அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். புறப்படுவதற்கு முன் ஒரு காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மற்றதில் பேசிக்கொண்டே விலகிப் போங்கள். குரல் எங்கே அறுபடுகிறதோ, அதில் பாதித் தூரத்துக்கு மேல் வழியில் பிரியாதீர்கள்.