கொள்ளைநோயின் சுவடுகள்

ஓர் ஊரின் வரலாறு கல்வெட்டுகளில் மட்டுமே காணப்படுவதன்று; மக்கள் வணங்கும் தெய்வத்தின் பெயரிலும், அவர்கள் கைக்கொண்ட வழக்கத்திலும் அது தங்கியிருக்கும்.

1896-ஆம் ஆண்டு பம்பாயில் பரவத் தொடங்கிய பிளேக்கு நோய், சில ஆண்டுகளில் தமிழகத்திலும் புகுந்தது. கோயமுத்தூரில் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனைத் தஞ்சம் புகுந்தனர். ‘பிளேக்கு மாரியம்மன்’ என்னும் பெயருடைய கோயில்கள் அங்கு இன்றும் விளங்குகின்றன. நோய் அகன்றது; பெயர் நின்றது.

ஓடைப்பட்டி முதலிய சிற்றூர்களைக் கொண்ட கம்பம் பள்ளத்தாக்கும் அத்துன்பத்திற்குத் தப்பவில்லை. அங்கு நோய் நீங்காதிருந்ததன் காரணத்தை அறிய, மருத்துவ அறிஞர் எலிகளையும் அவற்றின் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகளையும் ஆராய்ந்து, 1934-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

வீட்டில் எலி செத்து விழுந்தால், ஊரார் வெளியேறி வயல்வெளியில் குடிசையிட்டுத் தங்குவது அந்நாளைய வழக்கம். அது மூடச்செயலன்று. இறந்த எலியின் உடல் குளிர்ந்ததும் அதை விட்டு நீங்கும் தெள்ளுப்பூச்சி, மனிதரைக் கடிக்கும். அக்கடியின் வழியே நோய்க்கிருமி உடலிற் புகும். இவ்வுண்மையை 1898-இல் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் கண்டறிந்தார். ஆயினும், நோய் புகுந்த வீட்டின் தானிய மூட்டையையும் துணிகளையும் உடன் கொண்டு சென்றோரைப் பூச்சியும் பின்தொடர்ந்தது. வெளியேறியும் அவருட் சிலர் உயிர் பிழைத்திலர்.

இன்று உரிய மருந்தைக் காலந்தாழ்த்தாது உட்கொண்டால் இந்நோய் தீரும். எனினும், முன்னோர் விட்டுச்சென்ற சுவடுகள் போற்றத்தக்கன. கோயில் அவர்தம் நன்றியைக் காட்டும். வழக்கம் அவர்தம் கூர்ந்த நோக்கைக் காட்டும்.