வரைபடம் உங்கள் கையில்: எட்ரியன் ஒடிசி ஆடக் கற்றவை

பாதாளத்துக்குள் இறங்கி, தளம் தளமாகத் துழாவி, எதிர்ப்படும் மிருகங்களோடு மோதி முன்னேறும் விளையாட்டுகளை நான் நிறைய ஆடியிருக்கிறேன். அவற்றில் மனதுக்கு மிக நெருக்கமானது எட்ரியன் ஒடிசி. ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்காக 2007-இல் வெளியிட்டது. எட்ரியா ஒரு சிறு ஊர். அதன் அருகே ஒரு பெருங்காடு பூமிக்குள் அடுக்கடுக்காக இறங்கிப்போகிறது. மொத்தம் 30 தளங்கள். ஐந்து தளங்களுக்கு ஒருமுறை காட்டின் நிறமும் இசையும் மிருகங்களும் மாறும்.

டிஎஸ்ஸுக்கு இரண்டு திரைகள். மேல்திரையில் காட்டுப்பாதை தெரியும். கீழ்த்திரையில் கட்டம் போட்ட தாள் இருக்கும். நடந்த தரையை விளையாட்டே வண்ணமிட்டுக் காட்டும். சுவர், கதவு, படிக்கட்டு, புதையல் பெட்டி எல்லாவற்றையும் ஸ்டைலஸால் நாம்தான் குறிக்கவேண்டும். 1981-இல் விசார்ட்ரி என்ற கணினி விளையாட்டு வந்தபோது அதை ஆடியவர்கள் கிராஃப் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார்கள். அந்தப் பழக்கத்தை இந்த விளையாட்டு உள்ளங்கைக்குள் கொண்டுவந்தது. உயிரோடு ஊர் திரும்பத் தெரிந்தவர்தான் இதில் கெட்டிக்காரர் என்பது என் அனுபவம். அதற்குத் துணைசெய்யும் சிலவற்றைப் புதிதாக ஆட வருபவர்களுக்காகச் சொல்கிறேன்.

நின்று வரையுங்கள்

ஒரு திருப்பம் வந்தால் அங்கேயே நின்று சுவர்களைப் போட்டுவிடுங்கள். முழுத் தளத்தையும் சுற்றிவிட்டுப் பிறகு நினைவிலிருந்து வரையலாம் என்றால் நடக்காது; எல்லாப் பாதையும் ஒன்றுபோல்தான் இருக்கும். போகாமல் விட்ட கிளைப்பாதைக்குத் தனியாக ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். குறிகளோடு சிறு குறிப்பும் எழுதலாம். "கதவு, பிறகு பார்", "இங்கே மரம் வெட்டலாம்" என்று நான் எழுதிவைப்பேன். வரைந்த படத்தில் நடுவே ஒரு வெற்றிடம் தெரிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பல இடங்களில் சுவரில் சிறு இடைவெளி இருக்கும். அதன் வழியே புகுந்துவிட்டால் அது நிரந்தரக் குறுக்குவழி. அடுத்தமுறை பாதித் தளத்தைச் சுற்றும் வேலை மிச்சம்.

குழு மொத்தமும் மாண்டுபோனால் கடைசியாகச் சேவ் செய்த இடத்துக்கே திரும்பவேண்டும். ஆனால் அதுவரை வரைந்த வரைபடத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ள விளையாட்டு அனுமதிக்கும். சேர்த்த பொருளும் அனுபவமும் போனாலும் கற்ற வழி நிலைக்கும். இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஐவர் குழு

குழுவில் ஐந்து பேர், முன்வரிசை பின்வரிசை என்று பிரிந்து நிற்பார்கள். முதன்முறை ஆடுகிறவர்களுக்கு நான் சொல்லும் அணி இது: வாள் ஏந்தும் லேண்ட்ஸ்நெக்ட், கேடயம் தாங்கும் ப்ரொடெக்டர், சாட்டை வீசும் டார்க் ஹண்டர் ஆகிய மூவரும் முன்னே, மருத்துவம் பார்க்கும் மெடிக், நெருப்பும் பனியும் மின்னலும் ஏவும் ஆல்கெமிஸ்ட் ஆகிய இருவரும் பின்னே. மெடிக் இல்லாமல் முதல் ஐந்து தளங்களைத் தாண்டுவது பெரும்பாடு. வெனம்ஃபிளை என்ற விஷப்பூச்சி ஒன்று போதும், தொடக்கநிலைக் குழுவைச் சாய்த்துவிடும். அதைக் கண்டால் மற்றவற்றை விட்டுவிட்டு முதலில் அதை ஒழியுங்கள்.

ஒரு லெவல் ஏறினால் ஒரே ஒரு ஸ்கில் புள்ளிதான் கிடைக்கும். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று போட்டால் எதுவும் வலுக்காது. ஆல்கெமிஸ்டுக்கு நெருப்பு, பனி, மின்னல் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்து அதை ஆழப்படுத்துங்கள். மற்றவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் என்ன வேலைக்காகக் குழுவில் இருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டுப் புள்ளியைச் செலவிடுங்கள்.

எஃப்.ஓ.இ.யிடம் பொறுமை

சாதாரண மிருகங்கள் கண்ணுக்குத் தெரியாமல் திடீரென்று வரும். திரை ஓரத்தில் ஓர் ஒளி நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும். சிவந்தால் சண்டை நெருங்கிவிட்டது. எஃப்.ஓ.இ. எனப்படும் பெருமிருகங்கள் அப்படியல்ல. அவை வரைபடத்திலேயே தெரியும். நாம் ஓர் அடி வைத்தால் அவையும் ஓர் அடி வைக்கும். சில குறிப்பிட்ட தடத்திலேயே சுற்றும். சில நம்மைக் கண்டதும் துரத்தும். முதலில் தூரத்தில் நின்று அதன் தடத்தைக் கவனியுங்கள், வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அது திரும்பும் நேரம் பார்த்துக் கடந்துபோங்கள்.

இன்னொன்று முக்கியம். நாம் வேறொரு சண்டையில் இருக்கும்போதும் அவை நிற்பதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடி நெருங்கும். எட்டிவிட்டால் நடுச்சண்டையில் வந்து சேர்ந்துகொள்ளும். ஆகவே அதன் தடத்துக்கு அருகே நின்று சில்லறை மிருகங்களோடு நீண்ட சண்டை போடாதீர்கள். சில லெவல் ஏறிய பிறகு அதே மிருகத்தைத் தேடிப்போய் வீழ்த்தும்போது கிடைக்கும் நிறைவு தனி.

திரும்பும் நேரம்

அரியாட்னி நூல் என்ற பொருளைப் பயன்படுத்தினால் எந்தத் தளத்திலிருந்தும் நேரே ஊருக்கு வந்துவிடலாம். அது பையில் இல்லாமல் காட்டுக்குள் அடியெடுத்து வைக்காதீர்கள். மெடிக்கின் சக்தி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் ஊர் திரும்புவது என் விதி. இன்னும் ஒரே ஒரு கதவைத் திறந்து பார்த்துவிடலாம் என்று தோன்றும்போதுதான் பெரும்பாலும் குழு அழிகிறது.

பை நிறைந்தாலும் திரும்புங்கள். மிருகங்களைக் கொன்றால் காசு கிடைக்காது. கொம்பும் தோலும் இறகும்தான் கிடைக்கும். அவற்றைக் கடையில் விற்றால் காசு வரும், அந்தப் பொருளைக் கொண்டு செய்த புதிய ஆயுதமும் கவசமும் விற்பனைக்கு வரும். எந்தப் பொருளையும் ஒன்றாவது விற்றுப் பாருங்கள். தொடக்கத்தில் காசு இல்லாமல் தவித்தால் சர்வைவலிஸ்ட் வகுப்பினரைச் சேர்த்து, காட்டில் பறிக்கவும் வெட்டவும் தோண்டவும் கூடிய இடங்களுக்கு அனுப்புங்கள். உடம்பைப் பணயம் வைக்காமல் வருமானம் வரும்.

கையடக்கக் கன்சோலின் நன்மை

இந்த விளையாட்டை நான் பெரும்பாலும் பேருந்திலும் ரயிலிலும்தான் ஆடினேன். இறங்கும் இடம் வந்ததும் டிஎஸ்ஸை மூடிவிட்டால் ஆட்டம் அப்படியே உறங்கும். மறுபடி திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு பயணத்துக்குள் தளத்தின் ஒரு மூலையை வரைந்து முடிப்பது அருமையான அளவு. ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். யூசோ கோஷிரோவின் இசையைக் கன்சோலின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்பது அதற்குச் செய்யும் அநியாயம். 1980களின் ஜப்பானியக் கணினிகளின் செயற்கை ஒலியை நினைவூட்டும் அந்த மெட்டுகள் வெகுநேர நடையையும் அலுக்கவிடாது.

பழைய டிஎஸ் கிடைக்காதவர்கள் கவலைப்படவேண்டாம். 2023 ஜூனில் முதல் மூன்று பாகங்களும் புதுப்பிக்கப்பட்டு நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் கணினிக்கும் வந்துவிட்டன. ஒரே திரையில் காடும் வரைபடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கடினத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு; புதியவர்கள் தயங்காமல் அதைப் பயன்படுத்தலாம்.

ஒரு வேண்டுகோள். முப்பது தளங்களுக்கும் முழு வரைபடம் இணையத்தில் கிடைக்கிறது. தயவுசெய்து அதைத் தேடாதீர்கள். இந்த விளையாட்டைச் செய்தவர்கள் நம் கையில் பென்சிலைக் கொடுத்து, வழியை நீயே கண்டுபிடி என்று நம்பி விட்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு மரியாதை செய்யுங்கள். குறைந்தது முதல் ஐந்து தளங்களையாவது நீங்களே வரையுங்கள். அதற்குப் பிறகு அடுத்தவர் வரைபடம் உங்களுக்குத் தேவைப்படாது.